பட்டியலுக்குள் புகுந்த வினையடை

ஷேக்ஸ்பியர் 1616 மார்ச்சில் கையெழுத்திட்ட உயில் மொத்தம் மூன்று தாள். தங்கை ஜோனுக்கு 20 பவுண்டும் தன் துணிமணிகளும், ஸ்ட்ராட்ஃபோர்டு ஏழைகளுக்கு 10 பவுண்டு, மனைவிக்கு வீட்டிலிருந்த இரண்டாவது நல்ல கட்டில். அந்தக் கட்டில் ஏன் என்று ஆராய்ச்சிக்காரர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். இந்த மூன்றுக்கும் முன்னால் நிற்கும் சொல் நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான்: 'ஐட்டம்'.

அந்த இடத்தில் அதற்குப் 'பொருள்', 'சாமான்' என்றெல்லாம் அர்த்தமில்லை. லத்தீனில் அது ஒரு வினையடை. 'அவ்வாறே', 'அதேபோல' என்று பொருள். கி.மு. 184இல் மறைந்த ரோமானிய நாடகாசிரியர் ப்ளாட்டஸின் நாடகங்களிலேயே அது சாதாரணமாகப் புழங்குகிறது.

பிறகு அதைப் பிடித்துக்கொண்டவர்கள் பத்திரம் எழுதுகிறவர்கள். இடைக்கால ஐரோப்பாவில் உயிலோ சொத்துக் கணக்கோ எழுதினால், முதல் சரத்துக்கு 'இம்ப்ரிமிஸ்', அதாவது 'முதலாவதாக' என்று போடுவார்கள். அடுத்து வருவதற்கெல்லாம் 'ஐட்டம்', 'ஐட்டம்', 'ஐட்டம்'. பிரெஞ்சுக் கவிஞர் வியோன் 1461இல் எழுதிய 'உயில்' என்ற நையாண்டிக் கவிதை இந்தப் பத்திர நடையைத்தான் கேலி செய்கிறது. ஓயாமல் பட்டியலின் தலைமாட்டில் நின்ற சொல், 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அந்தப் பட்டியலில் உள்ள சரக்கையே குறிக்கத் தொடங்கியது. நம் பத்திரங்களில் வரும் 'மேற்படி'யும் லேசுப்பட்டதல்ல. 'மேற்படி சமாசாரம்' என்றால் எதைச் சொல்கிறோம் என்பது கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது.

வேர் இன்னும் ஆழமானது. 'ஐட்டம்' பிறந்தது 'இ' என்ற சுட்டு அடியிலிருந்து. 'அதுவே' என்று பொருள்படும் 'இதெம்' அதே அடியில் முளைத்தது. கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டின் 'ஐடென்டிட்டி' அதன் வாரிசு. 'இவ்வாறு' என்று பொருள்படும் லத்தீன் 'இதா'வும் இந்த வீட்டுப் பிள்ளைதான். அதன் சமஸ்கிருத உறவு 'இதி'. 'இவ்வாறே இருந்தது' என்ற தொடர் 'இதிகாசம்' ஆனது. 'இதி'யும் 'ஆதி'யும் சேர்ந்து 'இத்யாதி' ஆனது. சமையல்காரர் "ஸ்வீட், காரம், இத்யாதி ஐட்டங்கள்" என்று சொல்லும்போது, பல ஆயிரம் ஆண்டுக்கு முன் பிரிந்த பங்காளிகள் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இது, இவன், இங்கே என்னும் நம் இகரச் சுட்டையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்க ஆசை வரும். கூடாது. அது திராவிடச் சொத்து. ஒலி மட்டும்தான் ஒற்றுமை.

லத்தீனில் வினையடைக்குப் பன்மையே கிடையாது. தமிழோ தயங்காமல் 'கள்' ஒட்டி, சினிமாவில் 'ஐட்டம் சாங்' வரைக்கும் அதை ஆட வைத்திருக்கிறது.