மருமகளின் ராத்திரி டியூட்டி

“அத்தை, இந்தச் சனிக்கிழமை ராத்திரியும் எனக்கு வேலை இருக்கு. குழந்தையைப் பார்த்துப்பீங்களா?”

பேரனுக்கு எட்டு மாதம். ஒத்தாசைக்காக அமெரிக்காவில், ஓஹியோவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். டாக்டர் படிப்பு முடித்து, ஆஸ்பத்திரியில் ‘ரெஸிடென்ட்’டாக இரண்டாவது வருஷம். வாரமெல்லாம் அங்கே உழைத்துவிட்டு, மாதத்தில் நாலு ராத்திரி ஒரு தனியார் கிளினிக்குக்கும் போவாள். இதற்கு அங்கே ‘மூன்லைட்டிங்’ என்று பெயர். நிலா வெளிச்சத்து வேலையாம்!

“ஏம்மா உடம்பை இப்படிக் கெடுத்துக்கறே?” என்றேன்.

“படிப்புக் கடன் இரண்டு லட்சம் டாலர், அத்தை!”

எனக்குப் பகீரென்றது. பிறகு அவளே சமாதானம் சொன்னாள். 2007-ல் வந்த சட்டப்படி, அரசாங்கத்திலோ லாப நோக்கமில்லாத நிறுவனத்திலோ முழுநேர வேலை பார்த்தபடி, வருமானத்துக்கு ஏற்ற தவணையை 120 மாதங்கள் கட்டிவிட்டால், மத்திய அரசுக் கடனில் மிச்சமெல்லாம் தள்ளுபடி. அந்தத் தொகைக்கு மத்திய வருமான வரியும் இல்லை. அவள் ஆஸ்பத்திரி லாப நோக்கமில்லாதது. அதனால் ரெஸிடென்ட்டாக இருக்கும் மாதங்களும் கணக்கில் சேருகின்றன.

“தனியார் கிளினிக்கிலே வேலை பார்த்தால் அந்தச் சலுகை போயிடாதா?” என்று கேட்டேன்.

“போகாது அத்தை. ஆஸ்பத்திரி வேலை முழுநேரமா இருக்கே, அது போதும்.”

அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. முப்பது வருஷமாக வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் அல்லவா! “வருமானத்துக்கு ஏற்ற தவணைன்னா, வருமானம் ஏறினா தவணையும் ஏறணுமே?”

சாப்பாட்டு மேஜையில் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். அவளும் மகனும் வரிக் கணக்கைத் தனித்தனியாகக் கொடுப்பதால் அவள் வருமானம் மட்டும்தான் கணக்கு. அவள் இருக்கும் திட்டத்தில், குறிப்பிட்ட வரம்புக்கு மேலான வருமானத்தில் பத்து சதவீதம் தவணை. ராத்திரி வேலையில் வருஷத்துக்கு 20,000 டாலர் வந்தால், தவணை வருஷத்துக்கு ஏறக்குறைய 2,000 டாலர் கூடும். மாதத்துக்குச் சுமார் 167! முந்தின வருஷத்து வரிக் கணக்கை வைத்துத் தவணை போடுவதால், இந்தச் சுமை உடனே தெரியாது. அடுத்த வருஷம்தான் தலைகாட்டும். கிளினிக்கில் சொந்தத் தொழில் கணக்கில் சம்பளம் என்பதால், வருமான வரி போக இன்னொரு வரியும் உண்டு, சுமார் 15 சதவீதம்.

கூடுதலாகக் கட்டுகிற 2,000 எங்கே போகிறது? எப்படியும் தள்ளுபடியாகப் போகிற கடனுக்குத்தான்! சலுகை பறிபோகாது, ஆனால் சிறுகச் சிறுகத் தேய்கிறது. அதற்கு விலை குழந்தை தூங்காத ராத்திரிகள்.

வேலையையே விட்டுவிடச் சொல்லவில்லை. குழந்தைக் காப்பகத்துக்குப் பணம் வேண்டுமே. நாலு ராத்திரியை இரண்டாக்கினாள். கிளினிக் வருமானத்தில் ஒரு பங்கை ஓய்வுக்காலச் சேமிப்பில் போடத் தொடங்கினாள். அந்தத் தொகை வருமானத்தில் கழிவதால் தவணையும் கொஞ்சம் குறையும். உழைப்புக்கும் ஒரு வரம்பு இருக்கிறது: இரண்டு வேலையும் சேர்த்து, நாலு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரம்தான். முதல் வருஷ ரெஸிடென்ட்டுக்கு இந்த ராத்திரி வேலை அனுமதியே இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெண்ணோ பிள்ளையோ இருந்தால் சொல்லி வையுங்கள்:

தவணையை நிறுத்தி வைத்த மாதங்கள் பொதுவாக 120-ல் சேராது. ஆஸ்பத்திரியிடம் வேலைச் சான்றுப் படிவத்தை வருஷந்தோறும் வாங்கிக் கொடுத்துவிடுவது நல்லது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்குத் தவணைத் திட்டமே வேறு. இங்கிருந்து ஜே-1 விசாவில் போகும் டாக்டர்கள் மூன்லைட்டிங் செய்யவே கூடாது.

நான் ஊருக்குத் திரும்பும் முன் ஒரு சனிக்கிழமை ராத்திரி, பேரன் அவன் அம்மா மடியிலேயே தூங்கிப் போனான். அவளும் சோபாவில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். விளக்கை அணைத்துவிட்டு வந்தேன்.