வரிச்சலுகையும் நமது பெண்களின் முதுமையும்



மார்ச் மாதம் வந்துவிட்டால், வரியைக் குறைக்க எதில் பணம் போடலாம் என்று நமது ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் பேசிக்கொள்வது வழக்கம். முதுமைக்குச் சேமிப்பவரை அரசு ஊக்குவிப்பது நல்லதே. ஆனால் அந்த ஊக்கம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று நாம் கேட்பதில்லை.

தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சொந்தமாகச் செலுத்துவோருக்கு 50,000 ரூபாய் வரை கூடுதல் வரிக்கழிவு 2015-16 நிதியாண்டில் வந்தது. பழைய வரிமுறையில் இருப்பவருக்கே இது பொருந்தும். 30 விழுக்காடு வரி கட்டுபவர் 50,000 ரூபாய் போட்டால், மேல்வரியும் சேர்த்து 15,600 ரூபாய் மிச்சம். திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் சகோதரிக்கோ, வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாததால், ஒன்றுமில்லை. சட்டத்தில் ஆண், பெண் என்ற பேதம் இல்லை, கூலியில் இருக்கிறது. (2011-12இல் பெண்களுக்கு வரிவிலக்கு வரம்பு 1,90,000 ரூபாய், ஆண்களுக்கு 1,80,000. மறு ஆண்டே அந்த வேறுபாடு நீக்கப்பட்டது. அதுவும் வரி கட்டும் பெண்களுக்கே உதவியது.)

நமது பகுதி நூற்பாலைகளில் திருமணத்திற்கு முன் மூன்று, நான்கு ஆண்டுகள் உழைத்துவிட்டு நின்றுவிடும் பெண்கள் பலர். பி.எப். வழியான மாத ஓய்வூதியத்திற்கு 10 ஆண்டுப் பணி வேண்டும். ஓய்வூதியப் பங்கையும் எடுத்து நகைக்கும் சீருக்கும் செலவழித்துவிட்டால் அந்த ஆண்டுகளும் கணக்கிலிருந்து போய்விடும். எடுக்காமல் ‘ஸ்கீம் சர்டிபிகேட்’ வாங்கி வைத்தால், பின்னாளில் வேலைக்குத் திரும்பும்போது அவையும் சேர்த்துக்கொள்ளப்படும். இதைச் சொல்லிக்கொடுப்பவர்தான் குறைவு.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், மனித உழைப்பைப் பற்றிய தமது 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், முதுமைக்கால ஓய்வூதியத்தை உழைப்பவரின் உரிமையாகவே குறிப்பிட்டார். பிள்ளைகளை வளர்க்கும் தாயின் உழைப்பையும் சமூகம் மதிக்க வேண்டும் என்றார். நமது வரிச்சட்டத்தில் அந்த உழைப்புக்குக் கணக்கு இல்லை.

பழைய வரிமுறையில் இருக்கும் கணவர், மனைவி பெயரில் உள்ள பொது வருங்கால வைப்பு நிதியில் பணம் போட்டு, உரிய வரம்புக்குள் கழிவு பெறலாம். சேமிப்பு மனைவியுடையதாக இருக்கும். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் மனைவியின் கணக்குக்கு அப்படிக் கழிவு கிடையாது. வரி கட்டாத, 18 முதல் 40 வயதுக்குட்பட்ட பெண்கள் வங்கியிலோ அஞ்சலகத்திலோ அடல் பென்ஷன் யோஜனாவில் சேரலாம். 60 வயதில் மாதம் 5,000 ரூபாய் பெற, 18 வயதில் சேருபவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 40 வயதில் சேர்ந்தால் 1,454 ரூபாய்.