ஹபஷாவிலிருந்து ரத்தன்பூர் வரை

சேலம், நாமக்கல் வட்டாரப் பள்ளிவாசல்களில் பாங்கு சொல்பவரின் இயற்பெயர் எதுவாயினும் அவரைப் 'பிலால்' என அழைக்கும் வழக்கம் உண்டு. ஹபஷா வழிவந்த பிலால் (ரலி) அவர்களின் திருப்பெயர் நம்மிடையே ஒரு பணியின் பெயராகிவிட்டது. அப்பணிக்கு நாம் தரும் ஊதியத்தைப் பற்றி இங்குப் பேச வேண்டாம். அவர்களையே தம் குலமுதல்வராகக் கொண்ட மக்கள் நம் நாட்டில் வாழ்வதைப் பலர் அறியார்.

குஜராத்திலும் கர்நாடகத்திலும் வாழும் சித்தியரே அவர்கள். ஹபஷாவிலிருந்தும், பிற்காலத்தில் கிழக்காப்பிரிக்கக் கரையிலிருந்தும் அடிமைகளாகவும் போர்வீரர்களாகவும் மாலுமிகளாகவும் வந்தோரின் வழியினர். 1626இல் மறைந்த மாலிக் அம்பர் போல் ஆட்சிப்பீடம் வரை உயர்ந்தோர் மிகச் சிலரே. கர்நாடகச் சித்தியரில் இந்துக்களும் கிறித்தவர்களும் முஸ்லிம்களும் உளர். குஜராத்தில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்.

பரூச் மாவட்டத்து ரத்தன்பூர்க் குன்றில், அகேட் மணிக்கல் விளையும் மண்ணில், பாவா கோர் தர்கா உள்ளது. அவருடைய சகோதரர் பாவா ஹபஷ், சகோதரி மாயி மிஸ்ரா ஆகியோரும் அங்கே போற்றப்படுகின்றனர். உர்ஸ் நாளில் 'தமால்' ஆட்டம் நிகழும். அதற்குக் 'கோமா' என்றும் பெயர். முழவையும் ஆடலையும் ஒருங்கே குறிக்கும் 'ங்கோமா' என்னும் சுவாஹிலிச் சொல்லின் திரிபு அது. 'முகர்மான்' என்னும் கால்வைத்த முழவு ஒலிக்கும். சுரைக்குடுக்கை பொருத்திய ஒற்றை நரம்பு வில்லான 'மலுங்கா'வும் உண்டு. ஆப்பிரிக்க அடிமைகள் பிரேசிலுக்குக் கொண்டுசென்ற 'பெரிம்பாவ்' இதற்கு நெருங்கிய உறவு. ஆடுவோர் தம்மை மறக்கையில் பெரியார் அவர்கள்மீது இறங்குவதாக நம்புகின்றனர்.

இதன் வேர் எங்குள்ளது? அடிமைக்கு நஸபு இல்லை. தாயையும் ஊரையும் பெயரையும் கப்பல் பறித்துக்கொண்டது. அறுந்த குலத்திற்கு ஈடாகப் பிலால் (ரலி) பாட்டனாரானார். மூன்று உடன்பிறப்புகளின் அடக்கத்தலம் குடும்பமாயிற்று. மொராக்கோவின் க்னாவா மக்களும் பிலாலையே தம் முன்னோராகக் கொள்வது வியப்புக்குரியது. இவ்விரு சாராரையும் இணைத்தது அடிமை வாழ்வேயன்றி வேறில்லை. சமூகத்திலும் நிலை மாறிற்று. ஏவலராக இருந்தோரிடம் நோய் நீங்கவும் நேர்ச்சை நிறைவேறவும் இந்துக்களும் பார்சிகளும் வந்து நின்றனர். மாயி மிஸ்ராவின் பெயரால் பெண்களுக்கும் தனியிடம் கிடைத்தது.

ஃபிக்ஹு போதிக்கும் நாம் முழவையும் ஆவேசத்தையும் இபாதத் என ஏற்க இயலாது. ஆலிம்களின் ஆட்சேபம் ஆதாரமற்றதன்று. எனினும் 'ஜாஹிலிய்யத்' என்னும் ஒற்றைச் சொல்லால் அனைத்தையும் ஒதுக்குவது ஆய்வாகாது. தம் பாடல்களை அவர்கள் 'திக்ரு' என்றே அழைக்கின்றனர். அவற்றினூடே சுவாஹிலிச் சொற்கள் சில வருகின்றன. பாடுவோர் பலருக்கு இன்று அவற்றின் பொருள் தெரியாது.