மென்பொருள் உலகில் ஓர் அடிமனை வழக்கு

முன்னுரை

ஒருவருக்கு உரிய அடிமனையில் மற்றொருவர் வீடு கட்டிக் குடியிருப்பது நம் ஊர்களில் காணும் வழக்கமாகும். வீடு கட்டியவருக்குச் சொந்தம். மனையோ மனைக்காரருக்குச் சொந்தம். இருவரும் இணங்கியிருக்கும்வரை இடரில்லை. இணக்கம் குலையும் நாளிலேதான் உரிமை பற்றிய வினா எழுகிறது. இதனையொத்த வழக்கொன்று 1996 முதல் 2000 வரை கணிப்பொறி மென்பொருள் உலகில் நிகழ்ந்தது. அதன் தோற்றத்தையும் தீர்வையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலவசமும் கட்டின்மையும்

விலையின்மை, விடுதலை ஆகிய இரு பொருளுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் வழங்குகிறது. தமிழிலோ ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தால் வழக்கின் பாதி விளங்கிவிடும்.

1983இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் ‘குனூ’ என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை இயக்கவும், அதன் மூலநிரலைப் பயின்று திருத்தவும், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கவும், திருத்திய வடிவத்தையும் வழங்கவும் பயனர்க்கு உரிமை வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. இவ்வுரிமைகளைக் காக்க எழுந்ததே ‘குனூ பொது உரிமம்’. அதன் இரண்டாம் பதிப்பு 1991இல் வெளிவந்தது. இவ்வுரிமத்தின்கீழ் அமைந்த நிரலோடு பிறிதொரு நிரலை இணைத்து ஒரே ஆக்கமாக வழங்குவோர், அம்முழு ஆக்கத்தையும் அதே நிபந்தனைகளுடன் வழங்குதல் வேண்டும் என்பது அதன் உயிர்நாடியாகும்.

நிரல் நூலகம்

கணித்திரையில் தோன்றும் சாளரங்கள், பொத்தான்கள், பட்டியல்கள் ஆகியவற்றை ஒவ்வொரு நிரலாளரும் புதிதாகப் படைப்பதில்லை. முன்னரே எழுதித் தொகுக்கப்பட்ட நிரல்களை எடுத்தாளுகின்றனர். அத்தொகுப்பே ‘வரைகலை நிரல் நூலகம்’ எனப்படும். நார்வே நாட்டின் டிரோல்டெக் நிறுவனம் 1995இல் வெளியிட்ட ‘கியூட்’ அத்தகையதொரு நூலகம்.

முரண்பாடு

ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிக், 1996 அக்டோபர் 14 அன்று கே.டி.ஈ. என்னும் திட்டத்தை அறிவித்தார். லினக்ஸ் போன்ற அமைப்புகளை எளிய பயனரும் கையாளத்தக்க திரைமுகம் ஒன்றை ஆக்குவதே அதன் குறிக்கோள். அதற்கு அடிமனையாகக் கியூட் நூலகம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

கே.டி.ஈ.யின் நிரல்களுட் பல குனூ பொது உரிமத்தின்கீழ் அமைந்தவை. கியூட் நூலகமோ, கட்டற்ற மென்பொருளை எழுதுவோர்க்கு விலையின்றிக் கிடைத்தது. மூலநிரலும் பார்வைக்குக் கிடைத்தது. ஆனால் அதனைத் திருத்திப் பிறர்க்கு வழங்கும் உரிமை மட்டும் இல்லை. அஃதாவது, அது இலவசமே, கட்டற்றதன்று. முழு ஆக்கமும் திருத்தி வழங்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்றது ஓர் உரிமம். அதன் ஒரு பகுதியைத் திருத்தி வழங்கலாகாது என்றது மற்றொன்று. இரண்டையும் ஒருசேர நிறைவேற்றுவது எங்ஙனம்?

நிரலை எழுதியவர் தாமே விரும்பி விதிவிலக்கு அளிக்கலாம். ஆயின், பிறர் எழுதிய பொது உரிம நிரல்களை எடுத்துச் சேர்த்த இடங்களில் அவர்தம் இசைவின்றி விலக்கு அளிக்க இயலாது. மேலும், நிறுவனம் கைமாறினால் பல்லாயிரம் மணிநேர உழைப்பின் கதி யாதாகும் என்ற அச்சமும் எழுந்தது.

எதிர்விளைவுகள்

1997 ஆகஸ்டில் மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் தெ இகாசாவும் ஃபெதெரிகோ மெனாவும் ‘குனோம்’ என்னும் மாற்றுத் திட்டத்தைத் தொடங்கினர். அது ஜி.டி.கே. என்னும் கட்டற்ற நூலகத்தின்மீது எழுந்தது. கியூட்டிற்கு நிகரான நூலகத்தைப் புதிதாக எழுதும் ‘ஹார்மனி’ முயற்சியும் தோன்றியது. 1998 அக்டோபரில் டெபியன் குழுவினர் தம் தொகுப்பிலிருந்து கே.டி.ஈ.யை நீக்கினர்.

தீர்வு

டிரோல்டெக் நிறுவனமும் வாளாவிருக்கவில்லை. 1998 ஜூனில் கே.டி.ஈ.யினருடன் சேர்ந்து ஓர் அறக்கட்டளையை நிறுவியது. கியூட்டின் இலவசப் பதிப்பை வெளியிடுவது நின்றுபோனால், அந்நூலகத்தைத் தளர்ந்த நிபந்தனைகளுடன் பொதுவில் வழங்கும் அதிகாரம் அவ்வறக்கட்டளைக்கு அளிக்கப்பட்டது. 1999இல் வந்த கியூட் 2.0 புதிய உரிமம் ஒன்றைப் பெற்றது. அது கட்டற்றதே, எனினும் திருத்தங்களைத் தனி ஒட்டுகளாகவே வழங்கவேண்டும் எனப் பணித்ததால், குனூ பொது உரிமத்தோடு பொருந்தவில்லை. 2000 செப்டம்பரில் கியூட் 2.2 குனூ பொது உரிமத்தின்கீழும் வெளிவந்தபோதே வழக்கு ஓய்ந்தது. கே.டி.ஈ. மீண்டும் டெபியனில் இடம்பெற்றது.

டிரோல்டெக்கை 2008இல் நோக்கியா வாங்கியது. பின்னர் கியூட் டிஜியா நிறுவனத்திற்குக் கைமாறியது. உரிமையாளர் மாறினும் அறக்கட்டளை உடன்பாடு தொடர்ந்தது. முன்னோர் அஞ்சியது வீண் அச்சமன்று என்பதையும், எழுதிவைத்த உடன்பாடே காவலாயிற்று என்பதையும் இது காட்டுகிறது.

நிறைவுரை

இவ்வழக்கில் தீயவர் எவருமிலர். ஒரு சாரார் பயனுள்ள மென்பொருளை விரைந்து தர விழைந்தனர். மறு சாரார் நாளைய பயனரின் உரிமையைக் காக்க நின்றனர். நிறுவனமோ தன் வாழ்வைப் பேண எண்ணியது. இன்று கணினிப் பயிலும் மாணவர், பிறர் எழுதிய நிரலை எடுத்தாளும்போது அதன் விலையை மட்டும் நோக்காது, உரிமத்தையும் படித்தறிதல் வேண்டும். வீட்டின் அழகைக் காணுமுன் அடிமனையின் பத்திரத்தைப் பார்ப்பதே அறிவுடைமையாகும்.