உனுனென்னியம்

உனுனென்னியம் என்பது அணு எண் 119 கொண்ட, இதுவரை எவராலும் உருவாக்கப்படாத ஒரு கருதுகோள் தனிமம் ஆகும். இன்று அறியப்பட்ட 118 தனிமங்களில் கடைசியான ஓகனெசானுடன் தனிம வரிசை அட்டவணையின் ஏழாம் வரிசை நிறைவடைகிறது. 119ஆம் தனிமம் கிடைத்தால் எட்டாம் வரிசை தொடங்கும்.

பெயர்
இது 1, 1, 9 என்னும் இலக்கங்களைக் குறிக்கும் தற்காலிகப் பெயர். கண்டுபிடிப்பு உறுதியான பின்னரே கண்டறிந்தவர்கள் நிலையான பெயரை முன்மொழிவர்.

எதிர்பார்க்கப்படும் பண்புகள்
இது முதல் தொகுதியில், பிரான்சியத்திற்குக் கீழே, கார உலோகமாக அமையும் எனக் கணிக்கப்படுகிறது. மிகுந்த கருமின்சுமையால் உள் எலக்ட்ரான்கள் மிக விரைவாக இயங்கும். இவ்விளைவால் வெளிக்கூட்டு எலக்ட்ரானும் கருவை நோக்கி இழுக்கப்படுவதால், வினைத்திறன் எதிர்பார்த்ததைவிடக் குறையலாம்.

தொகுப்பு முயற்சிகள்
இரு அணுக்கருக்களை மோதி இணைத்தால் அவற்றின் புரோட்டான்கள் கூடும். கலிபோர்னியமும் (98) கால்சியமும் (20) இணைந்தே 118ஆம் தனிமம் கிடைத்தது. அதே வழியில் 119ஐ அடைய ஐன்சுடைனியம் (99) தேவை. 1985இல் அமெரிக்காவின் பெர்க்லியில் செய்த இம்முயற்சி பலிக்கவில்லை. ஐன்சுடைனியம் போதிய அளவு கிடைப்பதும் அரிது.

எனவே கால்சியத்தைவிடக் கனமான அணுக்கருக்கள் எறியப்படுகின்றன. 2012இல் செருமனியின் தார்ம்சுடாட்டில் பெர்க்கெலியத்தின் (97) மீது தைட்டானியம் (22) மோதப்பட்டது. ஓர் அணுவும் கிடைக்கவில்லை. சப்பானின் ரைக்கன் நிறுவனம் கியூரியத்தையும் (96) வனேடியத்தையும் (23) பயன்படுத்துகிறது. 2024இல் பெர்க்லி ஆய்வாளர்கள் புளுட்டோனியத்தையும் தைட்டானியத்தையும் கொண்டு 116ஆம் தனிமமான லிவர்மோரியத்தின் இரண்டு அணுக்களைப் பெற்றதாக அறிவித்தனர். தைட்டானியக் கற்றை பயன்தரும் என்பதை இது காட்டியது.

தார்ம்சுடாட்டில் 117ஆம் தனிமத்தை உறுதிசெய்து 2014இல் வெளியான ஆய்வில் கொல்கத்தாவின் சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவன ஆய்வாளர்களும் பங்கேற்றனர்.

இயற்கையில் தேடல்
கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் மோனசைட்டு என்னும் தோரியக் கனிமம் உள்ளது. மடகாசுக்கரில் கிடைத்த இவ்வகைக் கனிமத்தில் 116, 124, 126 ஆகிய தனிமங்களின் அடையாளம் தெரிவதாக 1976இல் அறிவிக்கப்பட்டது. பிற ஆய்வுகள் இதை உறுதிசெய்யவில்லை. 126ஆம் தனிமத்திற்கு உரியதாகக் கருதப்பட்ட குறிகை, கனிமத்திலுள்ள சீரியத்தில் புரோட்டான் கற்றை மோதியதால் எழக்கூடியது எனத் தெரியவந்தது.

உறுதிப்படுத்தல்
118ஆம் தனிமத்தை உருவாக்கியதாக 1999இல் பெர்க்லி ஆய்வகம் அறிவித்தது. பிற ஆய்வகங்களால் அதைத் திரும்பப் பெற இயலாததால், தரவுகள் மீண்டும் ஆராயப்பட்டு, 2001இல் அறிவிப்பு மீட்டுக்கொள்ளப்பட்டது. நொடிக்கும் குறைவாக நிலைக்கும் சில அணுக்களே சான்று என்பதால், அவை சிதைந்து அறியப்பட்ட தனிமங்களாக மாறும் தொடரும், வேறோர் ஆய்வகத்தின் உறுதிப்பாடும் முக்கியமானவை. அவை கிடைக்கும்வரை எட்டாம் வரிசை வெற்றிடமாகவே இருக்கும்.