ஒரு சொட்டு இரத்தமும் ஒரு காகித அட்டையும்



"எனக்கு அரை மணியிலே ரிசல்ட் சொன்னீங்க. கொழந்தைக்கு மட்டும் ரத்தத்தை அட்டையிலே வச்சு, காயப்போட்டு, வெளியூருக்கு அனுப்புறீங்களே, ஏனுங்க?"

எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்மார்கள் நம்பிக்கை மையத்தில் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

பெரியவர்களுக்குச் செய்யும் முதல் சோதனை, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைக் காட்டுவது. தாயின் எதிர்ப்பொருள் கர்ப்பத்திலேயே குழந்தைக்குப் போய்விடும். 18 மாதம் வரைகூட அதன் இரத்தத்தில் இருக்கும். ஆகவே அந்தச் சோதனையை வைத்துப் பச்சைக் குழந்தைக்குத் தொற்று உண்டு என்று சொல்லிவிட முடியாது. கிருமியையே தேட வேண்டும். அதாவது, கிருமியின் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. என்னும் நுண்ணிய இழைகள் இரத்தத்தில் உண்டா என்று பார்க்க வேண்டும்.

இங்கேதான் சங்கடம். இந்த இழைகளை அறுத்துப்போடும் என்சைம்கள் இரத்தத்திலேயே இருக்கின்றன. நம் விரல் தோலிலும் இருக்கின்றன. இழை அறுந்துவிட்டால், கிருமி இருந்தும் "இல்லை" என்று ரிசல்ட் வரலாம்.

ஆனால் ஈரம் இல்லாவிட்டால் என்சைமுக்கு வேலை ஓடாது. ஈர நெல்லைக் குதிரில் கொட்டினால் கெட்டுப்போகும். நன்றாகக் காய்ந்த நெல் மாதக்கணக்கில் இருக்கும் அல்லவா? அதுபோலத்தான்.

அதனால்தான், குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் இரத்தத்தை அட்டையிலுள்ள 5 வட்டங்களில் விடுகிறோம். கையுறை போட்டுக்கொள்கிறோம், வட்டத்தைத் தொடுவதில்லை. குறைந்தது 4 மணி நேரம் நிழலில் காயவிடுகிறோம். "வெயில்லே வச்சா சட்டுனு காயுமே" என்பார்கள். கூடாது, வெயிலும் சூடும் இழைகளைக் கெடுக்கும். பிறகு, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடு உறையில் மூடி அனுப்புகிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. குழந்தைக்கு 6 வாரம் ஆனதும், தடுப்பூசிக்கு வரும்போதே இந்தச் சோதனையும் செய்துகொள்ளுங்கள்.

2. அட்டையைத் தொடாதீர்கள். சின்னப் பிள்ளைகளையும் தொட விடாதீர்கள்.

3. இரத்தம் போதவில்லை, கெட்டுவிட்டது என்று மறுபடி கூப்பிட்டால் பதறாதீர்கள். தொற்று உண்டு என்று அதற்கு அர்த்தமில்லை.

4. ரிசல்ட் வாங்க அவசியம் வாருங்கள். தொற்றுள்ள குழந்தைக்கு மருந்து கொடுக்காவிட்டால், பாதிக் குழந்தைகள் 2 வயதுக்குள் இறந்துவிடும். உடனே ஆரம்பித்தால் நன்றாக வளரும், பள்ளிக்கூடம் போகும்.

5. "இல்லை" என்று வந்தாலும், பால் கொடுக்கும் தாய் தன் மாத்திரையை நிறுத்தக் கூடாது. அடுத்தடுத்த சோதனைகளுக்கும் சொன்ன தேதியில் வர வேண்டும்.

தகப்பன்மார்களே, தாயைத் தனியே அனுப்பாதீர்கள், கூட வாருங்கள். ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் வேண்டாம். உங்கள் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

அட்டையைக் காப்பது எங்கள் பொறுப்பு. குழந்தையை நாள் தவறாமல் அழைத்து வருவது உங்கள் பொறுப்பு!