முக்கால் வாளித் தண்ணீர்

போன ஆடியில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். பிடித்துக்கொள்ளப் போன துண்டுக் கம்பி சுவரிலிருந்து பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. கதவை உள்ளே தாழிட்டிருந்தார். விழுந்ததும் அந்தக் கதவின் மேலேயே. வெளியிலிருந்து தள்ளத் தள்ள அவர் முனகல்தான் கூடியது. கடைசியில் கதவின் பிவிசி பலகையை அறுத்துத்தான் வெளியே எடுத்தோம். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

உள்நோக்கித் திறக்கும் கதவுக்கு, விழுந்தவரின் உடம்பே முட்டு. அதை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்ற ஒரு தச்சர் போதும். இல்லையென்றால், வெளியிலிருந்து காசை நுழைத்துத் திருகினால் திறக்கும் பூட்டாவது போடுங்கள். கைப்பிடிக் கம்பியைச் செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் அடித்துப் பொருத்த வேண்டும், கழிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. துண்டுக் கம்பி ஆள் பாரம் தாங்காது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரவில் சட்டென்று எழுந்தால் தலைசுற்றும். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

பெரியவர்களுக்குத் தரை எமன் என்றால், தவழும் குழந்தைக்கு வாளி. தண்ணீர் எப்போது நிற்குமோ என்ற பயத்தில் இரவே வாளிகளை நிரப்பி வைப்பது நம் வீடுகளின் பழக்கம். ஒரு வயதுக் குழந்தை விளிம்பைப் பிடித்து எழுந்து, மிதக்கும் குவளைக்காகக் குனிகிறது. அந்த வயதில் உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். தலைகீழாகச் சரிந்தால் கையை ஊன்றி எழ பலம் இருக்காது. முக்கால் வாளித் தண்ணீர் இருந்தால் வாளியும் கவிழாது. அலறலும் கேட்காது. இரண்டொரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். இதை எழுதவே கை நடுங்குகிறது. தண்ணீர் பிடித்து வைக்கத்தான் வேண்டும் என்றால் இறுக்கி மூடும் டிரம்மில் வையுங்கள். குளியலறைக் கதவின் மேல்பக்கம், குழந்தைக்கு எட்டாத உயரத்தில், வெளித்தாழ் ஒன்று போடுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது போன் அடித்தால் அடிக்கட்டும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் வெந்நீர். 60 டிகிரி வெந்நீர் சில நொடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும்.

வாட்டர் ஹீட்டர் ராடை வாளியில் போட்டுவிட்டு, சூடாகிவிட்டதா என்று விரல் விட்டுப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொடுங்கள். எம்சிபி இருக்கிறதே என்று நம்பி இருக்காதீர்கள். அது வயரைக் காப்பது. ஆளைக் காப்பது 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி. அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். டிரிப் ஆகவில்லை என்றால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. காற்றில்லாத அறையில் அதிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் குளோரின் வாயு வரும், நுரையீரலைப் பொசுக்கும். ஆசிட்டைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஏறும்போதும் அது தொண்டையைச் சுடும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள்.

கீசரும் ராடும் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் விற்கப்படக் கூடாதவை. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். பழுதான பொருளால் ஷாக் அடித்தாலோ, வெடித்துக் காயம் பட்டாலோ, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தயாரித்தவரிடமும் விற்றவரிடமும் இழப்பீடு கேட்கலாம். முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். தீரவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். பில்லையும், மருத்துவமனைச் சீட்டுகளையும், பழுதான அந்தப் பொருளையும் பத்திரமாக வைத்திருங்கள். பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டால் சாட்சி போய்விடும்.